பிள்ளைக்குப் பணம், கல்லூரிக்குப் பணம்

போன வாரம் செந்தூலிலிருந்து ஓர் அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்தார். நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியின் நிதிப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன், கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். கட்டணம் வாங்குவது, பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனுக்கான விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்ப்பது, பாக்கி இருக்கும் பிள்ளைகளைத் தேர்வு எழுத விடலாமா என்று மேலே கேட்டு வந்து சொல்வது, இதுதான் தினமும் என் வேலை. அந்த அக்கா ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிக் கணக்கில் படிப்புக்காக எடுக்க முடிந்ததை எடுத்து, போதாததற்கு ஒரு சங்கிலியை அடகு வைத்து, எல்லாவற்றையும் ஒரு பழைய அங்பாவ் உறையில் வைத்திருந்தார். "இதுக்கு மேல கேட்க மாட்டீங்கல்லம்மா?" என்றார்.

மாட்டோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதிவு செய்த அன்றே பி.டி.பி.டி.என். பணம் வந்துவிடாது, விண்ணப்பித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அது வந்து சேரும்வரை வீட்டுப் பணத்தில்தான் ஓட்ட வேண்டும் என்று மெதுவாக விளக்கினேன். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். எனக்குப் பயம் வேறொன்றில் இருந்தது. பையனின் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) சான்றிதழைப் பார்த்தேன், கணக்கில் சி. அதாவது சேர்ந்துவிடலாம், சேர்ந்த பிறகு முதல் பருவத்திலேயே மூச்சு முட்டும். இந்தப் பதினோரு வருடத்தில் நான் வாங்கிய விலகல் பாரங்களில் பெரும்பாலானவை முதல் வருடப் பிள்ளைகளுடையவை. படிப்பை விட்டுவிட்டாலும் அதுவரை வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். பட்டயமும் இல்லை, கடனும் தலையில், சங்கிலியும் கடையில்.

அன்றைக்கு இரவு எனக்கு ஞாபகம் வந்தது என் சின்னம்மா மகள் சொன்னதுதான். அவள் கலிபோர்னியாவில் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி ஒன்றில் கணக்கு சொல்லித்தருகிறாள். 2025 செப்டம்பரில் ஒருநாள் அழைத்து, "அக்கா, எங்க டியூஷன் ரூமுக்கு வர்ற காசை நிறுத்திட்டாங்க" என்றாள். அப்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை. டியூஷன் அறைக்கு எதற்கு மத்திய அரசு பணம் தர வேண்டும், அதை எதற்கு நிறுத்த வேண்டும்? அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், படிக்கப் படிக்க நம் ஊர் நிலைமைதான் கண்முன்னால் வந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1965-இல் உயர்கல்விச் சட்டம் ஒன்று வந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்துப் போட்டது வாஷிங்டனில் இல்லை, டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் ஊரில் தான் படித்த கல்லூரிக்கே போய் அங்கே போட்டார். மாணவராக இருந்தபோது இடையில் அவர் கொட்டுலா என்ற சின்ன ஊரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். அந்தச் சட்டத்தின் மூன்றாம் பகுதி, பணவசதி குறைந்த கல்லூரிகளைக் கைதூக்கிவிடுவதற்கென்றே எழுதப்பட்டது. மனதில் முதலில் இருந்தவை கறுப்பின மக்களுக்காக ஏற்பட்ட கல்லூரிகள்தான். 1964-க்கு முன்பே கறுப்பினத்தவரின் கல்விக்காகத் தொடங்கப்பட்டது என்பதுதான் அவற்றுக்கு இலக்கணம், இன்றைக்கு அப்படி நூறு கல்லூரிகள் போல இருக்கின்றன. பிறகு வேறு சமூகங்களுக்கும் வழி திறந்தது. இளநிலை மாணவர்களில் 25 விழுக்காட்டினர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினராக இருந்தால் ஒரு கல்லூரி ஒருவகை நிதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிய அமெரிக்கர்களும் பசிபிக் தீவினரும் 10 விழுக்காடு இருந்தால் இன்னொரு நிதி, இது 2007-இல் வந்தது. வெறும் தலைக்கணக்கு மட்டும் போதாது, ஏழை மாணவர்கள் கணிசமாக இருக்க வேண்டும், ஒரு மாணவருக்குக் கல்லூரி செலவிடும் தொகை குறைவாக இருக்க வேண்டும். ஜான்சன் கையெழுத்துப் போட்ட அதே கல்லூரி இப்போது பெரிய பல்கலைக்கழகமாகி, அந்த 25 விழுக்காட்டைத் தாண்டிய பட்டியலில் இருக்கிறது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம், இந்தப் பணம் எந்தப் பிள்ளையின் கைக்கும் போவதில்லை என்பதுதான். இது உபகாரச் சம்பளம் இல்லை. ஆய்வுக்கூடக் கருவி வாங்கலாம், நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம், பாடத்தில் பின்தங்கியவர்களுக்குத் துணை வகுப்பு நடத்தலாம், ஆலோசகரை வேலைக்கு வைக்கலாம், ஒரு பகுதியை நிரந்தர வைப்பு நிதியாகக்கூடப் போட்டு வைக்கலாம். துணை வகுப்பு அறைக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், வாசலில் நின்று நீ என்ன இனம் என்று யாரும் கேட்பதில்லை. என் தங்கையின் அறையில் மெக்சிகோக்காரப் பிள்ளைகளும் வியட்நாமியப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பணத்தைத்தான் 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அமைச்சு நிறுத்தியது, ஏறக்குறைய 350 மில்லியன் டாலர். இன விழுக்காட்டை வைத்து ஒரு கல்லூரியைத் தகுதியாக்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்னார்கள். அதற்கு முன்பே டென்னசி மாநிலம் 25 விழுக்காட்டு விதியை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தது, அந்த விதியை நீதிமன்றத்தில் தற்காத்துப் பேசமாட்டோம் என்று அரசுத் தரப்பே சொல்லிவிட்டது. சில நாளில் இன்னொரு அறிவிப்பு, கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பூர்வகுடிக் கல்லூரிகளுக்கும் ஒருமுறை கூடுதல் நிதி 495 மில்லியன் டாலர். ஒரு ஏழைச் சமூகத்தின் கல்லூரியிலிருந்து எடுத்து இன்னொரு ஏழைச் சமூகத்தின் கல்லூரிக்குக் கொடுத்தது போலத்தான் எனக்குப் பட்டது. வாங்கியவர்கள் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1890-இல் வந்த சட்டத்தின்படி தென் மாநிலங்கள் கறுப்பினத்தவருக்கென்று தனிக் கல்லூரிகளை ஏற்படுத்தின, ஏற்படுத்திவிட்டு பணம் கொடுப்பதில் கையைச் சுருக்கிக்கொண்டன. 2023-இல் மத்திய அரசு 16 மாநில ஆளுநர்களுக்கு எழுதிய கடிதங்களில், முப்பது வருடத்தில் மட்டும் அந்தக் கல்லூரிகளுக்குச் சேர வேண்டியதில் 12 பில்லியன் டாலருக்கு மேல் குறைந்திருக்கிறது என்று கணக்குக் காட்டியது. பில்லியன்.

ஆனால் எல்லாமே போய்விடவில்லை, இங்கேதான் நாம் பாடம் படிக்க வேண்டும். அந்தத் திட்டங்களின் பணத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கி, அமைச்சு பார்த்துக் கொடுப்பது. இன்னொன்று, இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. 2019-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஆண்டுக்கு 255 மில்லியன் டாலரை நிரந்தரமாக்கியிருந்தது, பெரிய கட்சிகள் இரண்டும் சேர்ந்துதான் செய்தன. அமைச்சு கை வைத்தது முதல் வகையில்தான். சட்டத்தில் எழுதியிருந்ததை, பிடிக்காவிட்டாலும், கொடுக்க வேண்டியிருந்தது. என் தங்கையின் அறை முதல் வகைப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய துரதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருடமும் எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மெட்ரிகுலேஷனில் நமக்கு எத்தனை இடம்? பல்கலைக்கழகத்துக்கு முந்திய அந்த அரசாங்கப் படிப்பு முதலில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும், மட்டும் இருந்தது, 2000-களின் தொடக்கத்தில் 10 விழுக்காடு மற்றவர்களுக்குத் திறந்தது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று அறிவிப்பு வந்தது. 2018 வாக்கில் 2,200 என்றார்கள். 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக்கினார்கள், பூமிபுத்ராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற விகிதம் அப்படியே இருந்தது. 2024-இல் 10 ஏ எடுத்த எல்லாருக்கும் இனம் பார்க்காமல் இடம் என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். அந்தக் கடைசி அறிவிப்பைக் கேட்டு நான் உண்மையிலேயே கண்கலங்கினேன், ஏனென்றால் 10 ஏ எடுத்தும் இடம் கிடைக்காமல் எங்கள் கவுண்டரில் வந்து நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஆனால் கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே தலைக்கணக்கு. எத்தனை பிள்ளை, எத்தனை இடம், யாருக்கு எவ்வளவு உதவித்தொகை. இந்தியச் சமூகத்தின் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் செடிக் என்று தொடங்கி 2018-இல் பெயர் மாறிய அந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்குகிறார்கள், பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையில் அது மாறி மாறிப் போய்வந்துவிட்டது. அதன் பணத்தால் பயன் பெற்ற பிள்ளைகள் உண்டு, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வருடத் திட்டம் ஒரு வருடத்தோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வருடம் அடுத்த பிள்ளை வந்து நிற்கும்போது எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. 10 ஏ எடுத்த பிள்ளைக்கு ஓர் அறிவிப்பு போதும். கணக்கில் சி எடுத்த பிள்ளைக்கு அறிவிப்பு போதாது, அவனுக்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் வேண்டும், அடுத்த வருடமும் அந்த அறை அங்கேயே இருக்க வேண்டும்.

கல்லூரிக்கே அரசாங்கம் பணம் கொடுத்த கதை நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 1969-இல் மசீச என்ற சீனர் கட்சி தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரி, இங்கே செத்தாபாக்கில் இருக்கிறதே, அதற்கு அவர்கள் ஒரு வெள்ளி திரட்டினால் அரசாங்கம் ஒரு வெள்ளி கொடுக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. சமூகம் போட்ட பணத்துக்கு அரசாங்கம் சரிசமமாகப் போட்டது, இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஆயிரக்கணக்கான நடுத்தர, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டுப்படியாகும் கட்டணத்தில் படித்தார்கள், நம் பிள்ளைகளும் அதில் உண்டு. அப்புறம் 2018-இல் ஆட்சி மாறியது. 30 மில்லியன் வெள்ளியாக இருந்த ஆண்டு மேம்பாட்டு நிதி, 2019 வரவுசெலவுத் திட்டத்தில் 5.5 மில்லியன் ஆனது, 2020-இல் 1 மில்லியன் என்றார்கள். ஓர் அரசியல் கட்சியின் கையில் கல்லூரி இருக்கக்கூடாது, கட்சி விலகினால் பணம் தருகிறோம் என்பது அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங்கின் வாதம். மறுபடியும் ஆட்சி மாறியது, மறுபடியும் பணம் வந்தது. கட்சியும் கல்லூரியும் பிரிந்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் அந்த இரண்டு வருடம் அங்கே படித்த பிள்ளைகள் எந்தக் கட்சி? கலிபோர்னியாவில் நடந்ததும் செத்தாபாக்கில் நடந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. சட்டத்தில் எழுதப்படாத பணம், யாரோ ஒருவரின் பேனாவில் நின்றுவிடும்.

நமக்கென்று இருப்பது கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். மஇகா என்ற நம் இந்தியர் கட்சி 1984-இல் அமைத்த எம்.ஐ.இ.டி. அறவாரியம் 2001-இல் தொடங்கியது. செமிலிங்கில், ஜெராய் மலைக்குப் பக்கத்தில், பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் அந்த வளாகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். மருத்துவமும் பல் மருத்துவமும் மருந்தியலும் படித்து வெளியே வந்த நம் பிள்ளைகளை எல்லா மருத்துவமனையிலும் பார்க்கிறோம். ஆனால் தனியார் கட்டணம் தனியார் கட்டணம்தான், செந்தூல் அக்காவின் மகனுக்கு அது எட்டாது. அங்கே போய்ச் சேரும் பிள்ளை ஏற்கெனவே பாதி ஏறிவிட்ட பிள்ளை. ஏணியின் முதல் படியில் கால் வழுக்குகிறவன் படிப்பது எங்கள் கல்லூரி மாதிரி சாதாரணமான, பெயர் தெரியாத நகரக் கல்லூரிகளில், அப்புறம் பாலிடெக்னிக்குகளிலும் சமுதாயக் கல்லூரிகளிலும். சிறுபான்மைப் பிள்ளைகள் எங்கே அதிகம் படிக்கிறார்களோ அந்த இடத்துக்குப் பணம் போக வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் இன்னும் பேச்சாகக்கூட வரவில்லை.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, வேலையும் வீடும் போன தொழிலாளர்களுக்காக அப்போதைய மஇகா தலைவர் துன் சம்பந்தன் என்ன செய்தார்? ஆளுக்குக் கொஞ்சம் பணம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டத்தையே வாங்கினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். என் தாத்தாவும் பங்கு எடுத்தவர், அந்தச் சங்கம் கொடுத்த கல்வி உதவியில்தான் என் பெரியப்பா படித்தார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் சங்கம் நிற்கிறது. தனித்தனியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பத்து வெள்ளி அந்த மாதக் கடைப் பாக்கிக்குப் போயிருக்கும்.

எங்கள் கல்லூரியில் நானே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரி கொடுத்த பணத்தில் இரண்டு வருடம் ஒரு கணக்குத் துணை வகுப்பு நடந்தது. மூன்றாவது மாடியில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. இடைநிலைப்பள்ளியில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு சாரும், ஒரு சீன ஆசிரியையும் மாறி மாறி வருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், சபாவிலிருந்து வந்த இரண்டு பேர், ஜொகூரிலிருந்து ஒரு சீனப் பையன், யார் வேண்டுமானாலும் போகலாம். அந்த இரண்டு வருடமும் முதல் பருவம் முடிந்து என் மேசைக்கு வந்த விலகல் பாரங்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன. அப்புறம் அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது, பணம் நின்றது, அறை இப்போது கண்காட்சிச் சாமான்கள் வைக்கும் இடமாகிவிட்டது. கல்லூரி நினைத்திருந்தால் தொடர்ந்திருக்கலாம், மேலே நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன், வருமானம் தராத செலவு என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னமும் எனக்கு ஆறவில்லை.

செலவு எவ்வளவு தெரியுமா? மணிக்கு 60 வெள்ளி, வாரத்துக்கு 12 மணி நேரம், வருடத்தில் 28 வாரம். 20,160 வெள்ளி. எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு பிள்ளையின் டிப்ளோமா கட்டணம் அதைவிட அதிகம். உதவித்தொகையை நிறுத்திவிட்டு அறை கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, அந்தக் கட்டணத்துக்காக ஒரு தாய் சங்கிலியை அடகு வைப்பதை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவதை நாம் இதுவரை யாரிடமும் கேட்டதே இல்லை.

அதனால் எங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளும், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளும் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் படிக்கும் கல்லூரி எதுவாக இருந்தாலும், அரசாங்கமோ தனியாரோ, துணை வகுப்புக்கும் ஆலோசகருக்கும் மட்டும் செலவிடக்கூடிய நிதி ஒன்று வேண்டும். கல்லூரி தன் பங்குக்கு ஒரு வெள்ளி போட்டால் அரசாங்கம் ஒரு வெள்ளி போடட்டும், அந்தப் பழைய ஏற்பாட்டைப் போல. கணக்கு வருடாவருடம் வெளியில் வைக்கப்பட வேண்டும். முக்கியமாக, அது சட்டத்தில் இருக்க வேண்டும். இன விழுக்காட்டை நான் எழுதவில்லை. பயந்து விடவில்லை, யோசித்துத்தான் விட்டேன், அமெரிக்காவில் அந்த எண்ணைப் பிடித்துத்தான் கதவைச் சாத்தினார்கள். வருமானத்தையும் முதல் தலைமுறையையும் வைத்து எண்ணினால் நம் பிள்ளைகள் தானாகவே அதற்குள் வருவார்கள், அவர்களோடு இன்னும் பலரும் வருவார்கள், வரட்டும்.

கடிதத்தில் எண்கள் போதவில்லை. கிள்ளானிலோ ஈப்போவிலோ பட்டர்வொர்த்திலோ கல்லூரிகளில் வேலை செய்கிற நம்மவர்கள் இதைப் படித்தால், உங்கள் கல்லூரியில் இப்படி ஓர் அறை இருந்ததா, இப்போதும் இருக்கிறதா, வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று எழுதி அனுப்புங்கள். கல்லூரியின் பெயர் தேவையில்லை.

அந்தக் கணக்கு சாரை நேற்று அழைத்தேன். எழுபது வயதாகிறது, முழங்கால் வலி, மூன்று மாடி ஏற முடியாது என்றார். கேன்டீனில் உட்கார்ந்தால் வருவீர்களா சார் என்று கேட்டேன். புதன்கிழமை ஐந்து மணிக்கு வருகிறேன், பணம் வேண்டாம், ஒரு வெள்ளைப் பலகை மட்டும் வேண்டும் என்றார். செந்தூல் அக்காவின் மகனிடம் சொல்லிவிட்டேன். பலகைக்கு நாளை விண்ணப்பம் போட வேண்டும்.